அடைக்கலநாதன் திரும்பினால்

குருநகர் அடைக்கலநாதன் ஆறு வருடமாக ஒரு வங்கி வாசலில் துவக்கோடு நிற்கிறார். அந்தத் துவக்கு இதுவரை நோகவைத்தது அவருடைய தோளை மட்டும்தான். வருடத்துக்கு ஒருமுறை சுடுபயிற்சி. தேறாவிட்டால் துவக்கை வாங்கிக்கொண்டு விசிலைக் கொடுத்து, மோட்டார் சைக்கிள் அடுக்க விட்டுவிடுவார்கள்.

இந்த முறை பயிற்சி நீரேரிக்கரை வெட்டைவெளியில். பயிற்றுநர் லெனாட் அவரைவிட இளையவர். விதி இரண்டுதான். துவக்கின் வாய் எப்போதும் இலக்குப் பலகைக்குப் பின்னாலிருந்த மண் அணைப் பக்கம். சொல்லும்வரை விசையில் விரல் போகக்கூடாது. அடைக்கலநாதன் இரண்டையும் வழி முழுக்க மனனம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"தோட்டாவைப் போடுங்கோ."

போட்டார்.

"ரெடி. அடைக்கலம் அண்ணை, காலைக் கொஞ்சம் அகட்டுங்கோ."

பின்னாலிருந்து கூப்பிட்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. முழு உடம்பையும் திருப்பி, "ஓம் சேர்?" என்றார். துவக்கும் அதே மரியாதையோடு திரும்பியது.

லெனாட் விழுந்தார். தங்கள் முறைக்குக் காத்திருந்த மற்ற நாலு காவலாளிகளும் விழுந்தார்கள். போரில் ஷெல் விழுந்த காலத்துப் பழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எல்லாரும் விழுவதைக் கண்டதும் ஏதோ வருகிறதாக்கும் என்று அடைக்கலநாதனும் துவக்கைக் கட்டிப்பிடித்தபடி விழுந்தார்.

"நிறுத்து! வாயை அணைப் பக்கம் திருப்பு!" மண்ணுக்குள்ளிருந்து லெனாட்டின் கட்டளை வந்தது.

தோட்டாவை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எழும்பினார்கள். அவர்களில் ஒருவரான அச்சுவேலி நமசிவாயம் மீசையிலிருந்த மண்ணைத் தட்டினார். "கள்ளன் வந்தால் உவன் சுடத் தேவையில்லை. ஒரு 'ஓம் சேர்' காணும், வங்கியே படுத்திடும்."

அடைக்கலநாதனும் சிரித்தார். பிறகு துவக்கை லெனாட்டிடம் நீட்டினார். "சேர், எனக்கு விசில்தான் சரி."

லெனாட் அதை வாங்கவில்லை. "இன்னொருக்கா. இதுதான் கடைசி."

மூன்றாவது வெடிக்குப் பிறகு லெனாட் வேண்டுமென்றே கூப்பிட்டார்: "அடைக்கலம் அண்ணை!"

கழுத்து திரும்பத் துடித்தது. பலகையைப் பார்த்தபடியே, "ஓம் சேர், கதையுங்கோ" என்றார். ஐந்தில் மூன்று பலகையில் பட்டது, இரண்டு மண்ணுக்குள் போனது. தேறிவிட்டார் என்று லெனாட் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வங்கி வாசலில் மனேச்சர் உதயகலா பின்னாலிருந்து கூப்பிட்டார். அடைக்கலநாதன் தெருவைப் பார்த்தபடியே, "ஓம் மிஸ், சொல்லுங்கோ" என்றார்.

உதயகலா சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "என்ன, என்னோடை கோவமோ?"

"கோவமில்லை மிஸ். நான் திரும்பினால் ஆக்கள் விழுந்திடுவினம்."