முகத்தில் மட்டும் படாமல்

ஓக்-சிம் அக்காவின் முகம் எங்கள் வட்டாரத்துக்கே சொந்தமாக இருந்தது. மிளகாய்த்தூள் பாக்கெட், பேருந்து நிலையத்து விளம்பரப் பலகை, வட்டார அலுவலகச் சுவர் என்று எங்கே திரும்பினாலும் அவள்தான். இருபது வயதில், எங்கள் ஊர்த் திருவிழாவில், மிளகாய் அழகி பட்டம் வாங்கியவள். உன் அழகு எது என்று மேடையில் கேட்டார்கள். மற்றப் பெண்கள் மனசு என்றும் புன்னகை என்றும் சொன்னார்கள். இவள், "நாப்பது கிலோ மிளகா மூட்டைய ஒத்த ஆளா தூக்குவேன்" என்றாள். கூட்டம் கைதட்டி ஓயவில்லை. தன்னம்பிக்கை என்றால் இதுதான் என்று நடுவர் ஒலிபெருக்கியில் சொல்லிக் கிரீடத்தை வைத்தார்.

அரிசி ஆலைக்காரர் மகன் மா தோக்-பே அன்று முன்வரிசையில் இருந்தான். அடுத்த வசந்தத்தில் அவளைக் கட்டிக்கொண்டான்.

கல்யாணமான மாதமே அடி ஆரம்பித்துவிட்டது. லாரி டிரைவர் ஒருவன் சொன்னதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாளாம். தோக்-பே ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு விலாவில் குத்தினான். அவள் பிடித்துத் தள்ளியதும் இடுப்பில் உதைத்தான். அடுப்படியில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூஞ்சில படாம பாத்துக்கடா" என்றாள்.

அந்தச் சொல்லை அவன் கடைசிவரை காப்பாற்றினான். தொடை, முதுகு, மார்பு, உள்ளங்கால் எல்லாம் அவனுக்கு, முகம் ஊருக்கு. ஒரு குளிர்காலத்தில் வயிற்றில் விழுந்த உதையில் கரு கலைந்தது. வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மாமியார் டாக்டரிடம் சொன்னாள். அதற்குப் பிறகு குழந்தை தங்கவில்லை.

பொதுக் குளியல் கூடத்தில் எதையும் மறைக்க முடியாது. அக்கா துண்டை அவிழ்த்தால் முதுகு முழுக்க ஊதாவும் மஞ்சளுமாக இருக்கும். பெண்கள் பார்ப்பார்கள், பிறகு அவரவர் முழங்காலைத் தேய்ப்பார்கள். ஒருநாள் கூடத்துக்காரி மட்டும், அக்காவின் தோல் பட்டுபோல இருக்கிறது என்றாள். அன்றோடு அக்கா அங்கே வருவதை நிறுத்திவிட்டாள். பட்டம் வாங்கியவளுக்குத் தலைக்கனம் என்று ஊர் பேசியது.

அவளுக்கு நாற்பது ஆனபோது தோக்-பே வட்டார சபைத் தேர்தலுக்கு நின்றான். சுவரொட்டியில் இருவரும் தோளோடு தோள் ஒட்டிச் சிரித்தார்கள். அந்த வருடத் திருவிழாவில் பழைய அழகிகளை மேடைக்கு அழைப்பதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் காலுறையைத் தேய்த்துவைக்கவில்லை என்று தோக்-பே அவளைப் பீரோவில் மோதினான். இரண்டு விலா எலும்பு முறிந்தது. மாமியார் துணியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் பட்டுச் சட்டையை மாட்டிவிட்டாள்.

நாங்கள் மிளகாய் ஆலைப் பெண்கள் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருடத்தில் அழகும் மிடுக்கும் கொஞ்சமும் குறையவில்லை, பாருங்கள் என்றார் அறிவிப்பாளர். கையை உயர்த்தி அசைக்கச் சொன்னார். அவள் அசைக்கவில்லை. மறுபடி சொன்னார். கை தோள்வரை வந்ததும் அவள் அலறிக்கொண்டு மண்டியிட்டாள்.

தோக்-பே சிரித்தபடி மேடையேறினான். அக்குளில் கைகொடுத்து, முறிந்த பக்கமாகவே தூக்கினான். அவள் காதருகே அவன் ஏதோ சொன்னதும், அக்கா அவன் கையைக் கடித்தாள். ரத்தம் வரும்வரை விடவில்லை.

அப்போதுதான் அவன் முதல் தடவையாக அவள் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. இரண்டாவது குத்துக்கு அவன் கை ஓங்குவதற்குள் அவள் ஒலிவாங்கிக் கம்பியைப் பிடுங்கி அவன் கால் முட்டியில் அடித்தாள். விழுந்தவனை மறுபடியும் அடித்தாள். மூன்று ஆண்கள் ஓடிவந்து பிடித்தது அவளைத்தான்.

வழக்கு இருவர் மேலும் விழுந்தது. இருவருக்கும் அபராதம். அவன் தேர்தலிலிருந்து விலகிக்கொண்டான், அவள் விவாகரத்து வாங்கினாள். அதற்கு முன்பே, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமியார் பழக்கூடையோடு வந்து, தேகு நகரத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார், மூக்கை நிமிர்த்திக்கொண்டால் வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்றாள்.

"மூச்சு நல்லாத்தான் வருது அத்தை. நீங்க கெளம்புங்க" என்றாள் அக்கா. பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாக்கெட்டில் இருந்த படத்தை முதலாளி மாற்றினார். யாரும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் கவலைப்படவில்லை. மதியத்தில் சோறும் புளித்த கோஸும் வாய் நிறைய வைத்துக்கொண்டு, தோக்-பே நடப்பதுபோல நொண்டிக் காட்டுவாள். நாங்கள் புரையேறச் சிரிப்போம்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அவன் அரிவாளோடு ஆலை முற்றத்துக்கு வந்தான். குடித்திருந்தான்.

"ஊரே கும்பிட்ட மூஞ்சியக் கெடுத்துட்டு வந்து இங்க இளிக்கிறியாடி?"

"கெடுத்தது நீ. இளிக்கிறது நான்" என்றாள் அக்கா.

அவன் வீசினான். கையால் மறித்தாள், முன்கை கிழிந்து எலும்பு தெரிந்தது. இரண்டாவது வீச்சு வருவதற்குள் எங்களோடு வேலை செய்த சுன்-பில் அக்கா பின்னாலிருந்து அவன் தலையில் கோணியைக் கவிழ்த்தாள். நான் காலைப் பிடித்து இழுத்தேன். ஐந்தாறு பேர் சேர்ந்து சேற்றில் அமுக்கினோம். மண்வெட்டிப் பிடியால் அவன் விரல்களை அடித்த பிறகுதான் அரிவாள் கழன்றது. அது கழன்ற பிறகும் அடித்தோம். கோணிக்குள்ளிருந்து அவன், அக்காக்களே, விட்டுடுங்க என்று கெஞ்சினான்.

"அவன் செத்துடப் போறான், போதும்டி" என்று ஓக்-சிம் அக்கா சொன்ன பிறகே நிறுத்தினோம். ஒரு கையால் மறு கையை அழுத்திக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அவனுக்காக அழுகிறாளோ என்று எனக்குக் கோபம் வந்தது. கை வலிக்கிறது என்றாள்.

தோக்-பேவுக்கு நான்கு வருடச் சிறை கிடைத்தது. அக்காவின் இடது கையில் மூன்று விரல் இன்னும் மடங்குவதில்லை. போன மாதம் சுன்-பில் அக்கா மகள் கல்யாணத்தில், படம் எடுப்பவர் அவள் மூக்கைப் பார்த்துவிட்டு, அவளைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார். அவள் கேட்காத மாதிரி மணப்பெண்ணின் பக்கத்திலேயே நின்றாள். அவரும் வேறு வழியில்லாமல் எடுத்தார்.