வெய் ஜின்சோங்கும் மின்சார ஊசியும்

சீனாவின் லியூச்சோ நகரில் பதினெட்டு வருடமாக மின்கம்பம் ஏறும் வேலை பார்த்த வெய் ஜின்சோங், கம்பத்திலிருந்து விழுந்து மேல்கை எலும்பு முறிந்தபோதுகூடப் பெரிதாகக் கலங்கவில்லை. மாவுக்கட்டைப் பிரித்த அன்றுதான் கலங்கினார். வலது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டு போலத் தொங்கியது. நரம்பும் அடிபட்டிருக்கிறது, அறுந்த மாதிரி தெரியவில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி மருத்துவமனையில் அவரைச் சீன வைத்தியப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே பான் என்ற பெண் மருத்துவர் முழங்கையைச் சுற்றி ஊசிகள் செருகினார். ஊசிக்கு வெய் பயப்படவில்லை. அதில் கவ்விகளை மாட்டி, வயரை மெல்லிய மின்சாரம் தரும் ஒரு சின்னப் பெட்டியோடு இணைக்கப் போனபோதுதான் பின்வாங்கினார். இரண்டு வருடம் முன்பு, கூட வேலை பார்த்த லுவோ மின்சாரம் ஓடிய கம்பியைத் தொட்டு இறந்தார். உயிர் போன பிறகும், மின்சாரத்தை நிறுத்தும்வரை அவர் விரல்கள் துடித்தன. வெய் கீழே நின்று பார்த்தவர்.

தலை சுற்றுகிறது என்று ஊசிகளை எடுக்கச் சொல்லிவிட்டு நழுவினார். தினமும் சிகிச்சைக்கென்று கிளம்பி, மீன் மார்க்கெட்டில் பொழுதைக் கழித்துவிட்டு வந்து, மருத்துவர் விடுப்பில் இருப்பதாக வீட்டில் சொன்னார். அந்தப் பொய் மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் மனைவி யூச்சின் கூடவே கிளம்பி வந்தாள். உண்மை தெரிந்ததும், முதலில் தனக்கு வைக்கும்படி மருத்துவரிடம் கையை நீட்டினாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இதுக்கா மனுஷா, மூணு நாளா மீன் மார்க்கெட்ல ஒளிஞ்சிட்டிருந்தே?"

வெய் உட்கார்ந்தார். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தன் இடது கையில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"பிடிச்சுக்கோங்க. ஆனா கொஞ்சமாச்சும் கூட்டணும்" என்றார் பான்.

வாரம் ஐந்து நாள் போனார். முழங்கைக்கு மேலே மட்டும் சுருக்சுருக்கென்றது, கீழே ஒன்றுமில்லை. ஐந்தாவது வாரம் மணிக்கட்டு திடீரென்று தானாக எழும்பித் துள்ளியது. வெய் பதறித் திருகைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினார்.

"இது என் கை இல்ல டாக்டரம்மா. கரண்ட்தான் தூக்குது. லுவோவுக்கும் இப்படித்தான் தூக்கிச்சு."

பான் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "கரண்ட்தான் தூக்குது, இல்லேன்னு சொல்லல. ஆனா போன வாரம் இதே கரண்ட்டுக்கு உங்க சதை அசையவே இல்ல. செத்தவங்க கை அப்படித் திரும்பி வராது."

பயம் போகவில்லை, பயத்தோடேயே போய் வந்தார். நான்காம் மாதம் ஒருநாள், முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்தவர் சும்மா முயன்று பார்த்தார். மணிக்கட்டு ஒரு விரற்கடை உயர்ந்தது. வயரும் இல்லை, ஊசியும் இல்லை. மறுபடி வராதோ என்று பயந்து இன்னும் இரண்டு முறை தூக்கிப் பார்த்த பிறகே பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூச்சினின் தோளைத் தொட்டார்.

ஊசியால் வந்ததா, நரம்பு தானே வளர்ந்து வந்ததா என்று வெய் கேட்டதற்கு, பிரித்துச் சொல்ல முடியாது என்றார் பான். குளிர்காலத்துக்குள் மணிக்கட்டு நேராகிவிட்டது. கட்டைவிரல் மட்டும் மந்தமாகவே இருந்தது. மின்சார அலுவலகம் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டது. வெய் கம்பத்தில் சாய்த்திருந்த ஏணியில் நாலு படி ஏறினார், கொஞ்ச நேரம் நின்றார், இறங்கிவிட்டார். மறுநாள் கம்பம் ஏறுவதற்குப் பதிலாக அலுவலகக் கிடங்கில் வேலை கேட்டு எழுதிக் கொடுத்தார், வலது கையாலேயே.