நான்காவது முறை திறக்காத விளையாட்டு

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் அப்போது நான் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குத் திரும்பினால் அங்கேயும் கம்ப்யூட்டர்தான். நகரங்களைக் கட்டி ஆளும் ஒரு கேமிலேயே கிடந்தேன். தெரிந்தவர்கள் எல்லோரும் திருட்டு சிடியில் விளையாடிய காலம். நான் மட்டும் பிடிவாதமாக ஒரிஜினல் வாங்கினேன். என் வரைபடம் ஒன்றை வேறொரு பட்டறை சொல்லாமல் எடுத்துக்கொண்ட எரிச்சல் எனக்குள் இருந்தது.

மின்சாரம் போய்ப் போய் வந்ததில் ஹார்டு டிஸ்க் போனது. மாற்றிவிட்டு கேமை மறுபடி ஏற்றினேன். பிறகு விண்டோஸ் கெட்டது, மறுபடி ஏற்றினேன். அடுத்து மதர்போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. இந்த முறை திரையில் ஒரு செய்தி வந்தது: கேமை ஏற்ற அனுமதிக்கப்பட்ட மூன்று முறையும் முடிந்துவிட்டது. அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், கண்ணில் படாத எழுத்தில், அந்த நிபந்தனை இருந்தது.

விற்பனை நிறுவனத்துக்கு போன் செய்தேன். "புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க மேடம்" என்று ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எங்கள் லேத் ஆபரேட்டரிடம் இதைச் சொன்னேன். அவரும் அதே கேம் விளையாடுகிறவர், திருட்டு சிடியில். கோவளம் பக்கம் மீனவக் குடும்பம்.

"எங்கம்மா மீன் விக்குது. மூணு தபாதான் கொழம்பு வெக்கணும்னு யார்கிட்டயாவது சொல்லிகினு கீதா?" என்றார். "எனுக்கு ஒரு பேஜாரும் இல்ல. காசு குட்த்து வாங்கிகினு நீங்கதான் முழிக்கிறீங்க. கிராக் தரேன், போட்டுக்கோங்க."

"நான் வாங்கின பொருளுக்கு நான் எதுக்குத் திருட்டுச் சாவி போடணும்?" என்றேன். கோபத்தில் டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடிவிட்டேன்.

அந்த வாரமே அதே கேம் கம்பெனியின் அடுத்த கேம் வெளியானது. தாம்பரத்தில் நான் கேம் வாங்கிய கடையில் சனிக்கிழமை அறிமுக விழா. சிபியுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லேத் ஆபரேட்டரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

கடையில் இருபது பேர் இருந்தார்கள். டை கட்டிய கம்பெனி ஆள் பெரிய திரையில் புது கேமைக் காட்டிக்கொண்டிருந்தார். என் சிபியுவை அந்தத் திரையில் மாட்டலாமா என்று கேட்டேன். அவர் முடியாது என்றார். கடைக்காரரின் குடும்பம் அந்த ஊரிலேயே பரம்பரையாக விவசாயம் பார்த்தது. கடை இருந்த இடமும் அவருடையதுதான்; கம்பெனியை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை.

"நம்ம கஸ்டமர்தான், காட்டட்டும் சார்" என்றார்.

திரையில் அந்தச் செய்தி பெரிதாக வந்து நின்றது.

"இந்தப் புது கேமுக்கும் இதே லிமிட்தானா?" என்று கேட்டேன்.

"திருடறவங்களைத் தடுக்கத்தான் மேடம்" என்றார் அவர்.

பின்னாலிருந்து லேத் ஆபரேட்டர் கையைத் தூக்கினார். "திருடன் நான்தான் சார். எனுக்கு இன்னிக்கும் ஓடிகினு கீது. மாட்டிக்கினது இவங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி ஆள் என்னைத் தனியே கூப்பிட்டு, திங்கட்கிழமை எனக்கு மட்டும் கேமைத் திறக்க ஒரு புது கீ அனுப்புவதாகச் சொன்னார்.

"இங்க இருக்கிற எல்லாருக்கும் லிமிட்டை எடுப்பீங்களா?"

"அது என் கையில இல்லைங்க."

"அப்போ எனக்கும் வேண்டாம்" என்றேன். வீட்டில் பாதியில் நிற்கும் என் நகரம் மனதில் வந்து போகத்தான் செய்தது.

வாங்கக் கையில் எடுத்த பெட்டிகளைப் பலர் அலமாரியிலேயே திருப்பி வைத்தார்கள். இரண்டு மூன்று பேர் வாங்கத்தான் வாங்கினார்கள். நடந்ததை நான் இணைய மன்றத்தில் எழுதினேன். வேறு ஊர்க்காரர்களும் இதே கதையைச் சொன்னார்கள். சில மாதங்கள் கழித்துப் புது கேமுக்கு மட்டும் அந்த லிமிட்டை எடுத்தார்கள். என்னுடையது கடைசிவரை திறக்கவில்லை. அந்தக் கம்பெனியின் பெட்டியை நான் பிறகு தொட்டதில்லை.

விழாவுக்குப் பிறகு முதல்முறை கடைக்குப் போனபோதே அந்த அலமாரியில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'எத்தனை முறை ஏற்றலாம் என்று கேட்டு வாங்கவும்.'

"இந்தத் தாளை எடுக்கலைன்னா சரக்கு அனுப்ப மாட்டோம்னு கம்பெனியில சொல்றாங்கம்மா" என்றார் கடைக்காரர். "அனுப்பாட்டி போகட்டும்." தாளின் கிளம்பிய மூலையில் இன்னொரு துண்டு டேப்பை வைத்து அழுத்தினார்.