மாமாவின் மீன்பாடி வண்டியில் என் முதல் ஸ்டேஷனுக்கு

திங்கட்கிழமை காலை 5.20க்கு ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து கிளம்பினோம். நான், என் தாய்மாமன் தேசிங்கு, அவருடைய மீன்பாடி வண்டி. வண்டிப் பலகையில் ஓர் இரும்புப் பெட்டி, சுருட்டிய பாய், இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு டேபிள் ஃபேன், அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு அடுக்கு. போலீஸ் பயிற்சி முடித்து இரண்டு வருடம் ஆயுதப்படையில் இருந்த பிறகு, அப்போதுதான் எனக்கென்று ஒரு ஸ்டேஷன் கிடைத்திருந்தது. மீஞ்சூரிலிருந்து கிழக்கே ஒன்பது கிலோமீட்டர், வயலும் உப்பங்கழியும் சூழ்ந்த கிராமத்து ஸ்டேஷன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்ததெல்லாம் நான்தான்.

மீன்பாடி வண்டியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தியிருப்பார்கள். சரக்குப் பலகை முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். காசிமேட்டு மீன் கூடை, ஐஸ் பெட்டி, பீரோ, கல்யாணத்துக்கு வாடகை நாற்காலி எல்லாம் ஏறும். நம்பர் பிளேட் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. சட்டப்படி பார்த்தால் அப்படி ஒரு வண்டியே கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் எந்தக் குடும்பமும் வீடு மாறியதும் கிடையாது. அதில் ஆள் ஏறினால் முன்னால்தான் குந்த வேண்டும். போகிற வழியெல்லாம் ஊருக்கே முகத்தைக் காட்டிக்கொண்டு போக வேண்டும்.

நான் ஆட்டோ வைத்துப் போகிறேன் என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தேன். மாமா காதிலேயே வாங்கவில்லை. போலீஸ் தேர்வுக்கு நான் ஓடிப் பழகிய நாட்களில் கடற்கரைச் சாலையில் இந்த வண்டியில்தான் என் பக்கத்தில் வந்து நேரம் பார்த்துச் சொன்னவர் அவர். தனக்கே வேலை கிடைத்தது போல அன்று அவருக்கு ஒரு மிதப்பு.

தெருமுனையில் கோவிந்தசாமி டீக்கடையில் நிறுத்தினோம். டீ பன்னிரண்டு ரூபாய். வழக்கமாக லுங்கியோடு வரும் மாமா அன்று பேண்ட் போட்டிருந்தார். கோவிந்தசாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யார் இது புது ஆபீசர் என்று கிண்டல் செய்தார்.

"எங்க நைனாபா. டேசன்ல சேரப் போவுது," என்றார் மாமா.

மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மாவும் அப்படித்தான். என் பெயர் ஏகாம்பரம். அது என் தாத்தாவின் பெயர், அதாவது அவர்கள் இருவரையும் பெற்ற அப்பாவின் பெயர். பெற்றவர் பெயரை வாயால் சொல்லி அழைக்கவோ, அந்தப் பெயரை வைத்துத் திட்டவோ கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் பிறந்ததிலிருந்து நான் அவர்களுக்கு நைனா, அதாவது அப்பாதான்.

காலை 6.10. காசிமேடு தாண்டி எண்ணூர் விரைவுச் சாலை. இடது பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள், ஒன்றின் பின்னால் ஒன்றாக. ஓட்டுநர்கள் லாரி நிழலிலேயே பல் விளக்கி, அங்கேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கப்பால் கடல். மாமா லாரிகளுக்கும் கல்லுக்கும் நடுவில் வண்டியை நுழைத்து நுழைத்து ஓட்டினார். நான் காக்கிப் பேண்டும் சாதாரணச் சட்டையுமாக முன்னால் உட்கார்ந்திருந்தேன். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை பிளாஸ்டிக் உறைக்குள் என் மடியில் இருந்தது.

6.35க்குத் திருவொற்றியூரில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். வண்டியில் ஆள் ஏற்றக் கூடாதே என்று கேட்டார். மாமா இறங்கி, என்னைக் காட்டி, என் அக்கா பிள்ளை, உங்க டிபார்ட்மெண்டுதான், இன்றைக்குத்தான் ஸ்டேஷனில் சேருகிறான் என்று முழுக் கதையும் சொன்னார். காவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான். எனக்கென்னவோ உடம்பெல்லாம் கூசியது. ஆயுதப்படையில் முதல் மாதம் நான் 'இருக்கு' என்பதை 'கீது' என்று வாய் தவறிச் சொன்ன ஒவ்வொரு முறையும் சுற்றி எழுந்த சிரிப்பு காதில் கேட்டது. அப்புறம் நான் அந்த வார்த்தைகளை எல்லாம் ஒன்றொன்றாக வாயிலிருந்து துடைத்தேன். தஞ்சாவூர்க்காரன் போலப் பேசக் கற்றுக்கொண்டேன். இப்போது இந்த வண்டியில் உட்கார்ந்தபடி ஸ்டேஷன் வாசலில் போய் இறங்கினால் அவ்வளவும் பாழ் என்று நினைத்தேன். திருவொற்றியூரிலிருந்து என் மனசு அந்த ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

7.00, எர்ணாவூர். சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து இங்கே குடியேறிய வீடுகளின் சாமானை மாமாதான் ஏற்றி வந்தார். மேம்பாலத்தில் ஏறும்போது எந்த வீட்டுக் கட்டில் எந்த மாடிக்கு ஏறாமல் அறுத்து ஏற்றினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஊம் கொட்டினேன். மேம்பாலம் இறங்கி மணலி பக்கம் போனதும் ரசாயன வாடை மூக்கைப் பிடித்தது. மணலி புதுநகரில் இட்லி சாப்பிட்டோம், நாலு இட்லி நாற்பது ரூபாய். வல்லூர் தாண்டிய பிறகு அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் போய், முதல் தடவையாக நெல் வயல் தெரிந்தது.

"ஷோக்கா கீது நைனா. காத்து பாரு எப்டி வருது," என்றார் மாமா.

8.20க்கு மீஞ்சூர். கல்மண்டபத்திலிருந்து இருபத்து நாலு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கடைவீதியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டேன். ஒன்பது மணிக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும், நான் ஆட்டோவில் முன்னால் போகிறேன், நீங்கள் சாமானை எடுத்துக்கொண்டு மெதுவாக வாருங்கள் என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் யாரோ துப்பிய வெற்றிலை எச்சிலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மாமா என் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தார்.

"அதான் கரெக்டு. இதுல குந்தினு வந்தா சட்ட கசங்கிடும்," என்றார்.

எனக்குச் சாக்கு தேடும் வேலையைக்கூட அவரே செய்துவிட்டார். ஆட்டோக்காரன் நூற்றைம்பது ரூபாய் கேட்டான். பேரம் பேசாமல் ஏறினேன்.

8.50க்கு ஸ்டேஷன். ஓட்டுக் கட்டடம், வாசலில் பூவரச மரம், மரத்தடியில் பிடிபட்ட வண்டிகள் துருவேறிக் கிடந்தன. இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். ஏட்டு ஒருவர் இருந்தார், ஐம்பது வயசுக்கு மேல், பொன்னேரிப் பக்கத்துக்காரர். நான் சல்யூட் அடித்ததும் உட்காரச் சொல்லி மோர் வரவழைத்துக் கொடுத்தார். இந்த ஸ்டேஷனில் ஒரு வழக்கம் உண்டு, புதிதாக வருகிற ஆள் முதல் நாளே ஒரு கேஸாவது சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும், அப்போதுதான் கை ராசி பிடிபடும் என்றார். சொந்த ஊர் எது என்று கேட்டார். சென்னை என்றேன். சென்னையில் எங்கே என்று அவர் கேட்பதற்குள் வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதிருந்து கேட்கிறேன்.

ஏட்டு எழுந்து வாசலுக்குப் போனார். நானும் போனேன். மாமா பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தபடி நின்றிருந்தார். போன வாரம்தான் இந்தச் சாலையில் இப்படி ஒரு வண்டி கவிழ்ந்து ஒருவருக்குக் கால் போயிருந்ததாம். கண்ணில் பட்டால் பிடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஏட்டு பெட்டியைப் பார்த்தார், அதில் வெள்ளைப் பெயிண்டில் இருந்த என் காவலர் எண்ணைப் பார்த்தார்.

"உன் சாமானாப்பா? யாரு இவரு?"

மாமாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. திருவொற்றியூரில் சொன்ன கதையை இங்கேயும் சொல்ல அவர் வாயெடுப்பதைப் பார்த்தேன். அதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்.

"தெரியாதுங்கய்யா. மீஞ்சூர்ல வாடகைக்குப் பிடிச்சேன்."

மாமா வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு போனதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பார்த்தேன். ஒரு நொடிதான். உடனே அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பொட்டிய எங்க எறக்கணும் சார்?"

பின்னால் இருந்த அறையில் எல்லாவற்றையும் அவரே இறக்கினார். பாயை விரித்துப் பார்த்துத் திரும்பச் சுருட்டி வைத்தார். சாப்பாட்டு அடுக்கை, கொட்டிவிடாமல், சுவர் ஓரமாக வைத்தார். அதற்குள் ஏட்டு முடிவு செய்திருந்தார். உன் முதல் கேஸ் தேடிக்கொண்டு வாசலுக்கே வந்திருக்கிறது என்று சொல்லி, என் கையில் பேனாவைக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதிவெண் இல்லை. உரிமம் இல்லை. ஆள் பெயர் என்ன என்று நான்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

"தேசிங்கு சார்."

"தகப்பனார் பெயர்?"

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. என் நெஞ்சில் பெயர்ப் பட்டையில் ஏகாம்பரம் என்று இருக்கிறது. இந்தக் காலத்தில் என் வயசில் அந்தப் பெயர் வைத்த ஆள் பக்கத்து ஜில்லாவரை தேடினாலும் கிடைக்கமாட்டான். ஏட்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மாமா என் பெயர்ப் பட்டையை ஒரு தரம் பார்த்தார்.

"கோவிந்தசாமி," என்றார்.

காலையில் டீ குடித்த கடைக்காரர் பெயர். கையில் கிடைத்தது அதுதான். அப்பா பெயரை மரியாதைக்காக வாயில் எடுக்காத மனுஷன், எனக்காக அப்பாவையே மாற்றிச் சொன்னார். நான் அதை எழுதினேன். அட்சரம் பிசகாமல், நல்ல கையெழுத்தில்.

11.15க்கு அவர் பிடிபட்ட வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்து போனார். பஸ் நிறுத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், அவ்வளவுதான். மதியம் அடுக்கைத் திறந்தேன். வஞ்சிரம் வறுவல், அம்மா கையால். திரும்ப மூடி வைத்தேன்.

அடுத்த எட்டு நாள் அந்த வண்டி பூவரச மரத்தடியிலேயே நின்றது. பாரா நிற்கும்போது அதற்கு எதிரேதான் நான் நிற்க வேண்டும். பலகையில் பூவரசம்பூ விழுந்து காய்ந்துகொண்டிருந்தது. ஆதார் அட்டையோடு வந்து, இனி இந்தச் சாலைக்குக் கொண்டுவரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். மாமா வரவில்லை. போனில் கேட்டேன்.

"இன்னா அவசரம்? நீ வேலையப் பாரு," என்றார்.

அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். மாமா காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கப் போகிறார், தோளெல்லாம் புண்ணாகிவிட்டது, வண்டி எங்கே என்று கேட்டால் ரிப்பேர் என்கிறார் என்றாள். அவர் ஏன் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆதாரில் தகப்பனார் பெயர் ஏகாம்பரம். பேப்பரில் கோவிந்தசாமி. அவர் வந்து அட்டையை நீட்டினால் மாட்டிக்கொள்வது நான். வண்டி போனாலும் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலை ஏட்டிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் மாமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவருக்கும் மோர் குடுத்துட்டு, இந்த ரோட்டுக்கு இனி கொண்டு வராதீங்கன்னு அனுப்பியிருப்பனேப்பா," என்றார்.

மறுநாள் எனக்கு ஓய்வு. காலை 6.40க்கு மீஞ்சூரில் ரயில் ஏறி ராயபுரம் போனேன். டிக்கெட் பத்து ரூபாய். போகும்போது மூன்று மணி நேரம் தின்ற தூரம், திரும்பும்போது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாமா மீன்பிடித் துறைமுகத்தில் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். வாங்க போகலாம், சொல்லிவிட்டேன் என்றேன். ஏன் சொன்னாய் என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததை, நாறும் கையை ஆட்டி, போதும் என்று நிறுத்திவிட்டார்.

10.30க்கு ஸ்டேஷன். ஏட்டு அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். தப்பாக எழுதிய பேப்பரை நீயே திருத்து என்று என்னிடம் நீட்டினார். நான் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. தகப்பனார் பெயர்?

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். ஏட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஏகாம்பரம்," என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டது அன்றுதான். கோவிந்தசாமி என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினேன். முதல் தடவை போல நல்ல கையெழுத்தாக அது வரவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைக்குப் போனோம். காய்ந்த பூக்களை மாமா கையால் தள்ளிவிட்டார். எஞ்சின் நாலாவது உதையில் பிடித்தது. முப்பத்து மூன்று கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் வயல், ஆள் நடமாட்டமே இல்லை. நான் பலகையில் கை வைத்து, மீஞ்சூர் வரைக்குமாவது முன்னால் உட்கார்ந்து வருகிறேன் மாமா என்றேன்.

அவர் என் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தார்.

"வேணா சார். சட்ட கசங்கிடும்."