"ஓம்" என்று அழுத்திய மாதம்

வேலையில்லாதவர்களுக்குத் தரும் சோமாஜ் காசை எனக்கு நிறுத்திவிட்டார்கள். அப்பீல் எழுதுவிக்க இன்று தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடிதம் எழுதிக் கொடுக்கும் அண்ணையிடம் போனேன்.

மாதா மாதம் இணையத்தில் கேட்பார்கள்: இந்த மாதம் வேலை செய்தீர்களா? போன மாதம் நான் "ஓம்" என்று அழுத்திவிட்டேன்.

"எங்கை வேலை செய்தனீர்?" என்றார் அண்ணை.

"கோயில் திருவிழாவிலை அன்னதானம் சமைச்சனான்."

"சம்பளம்?"

"கோயிலிலை ஆரண்ணை சம்பளம் வாங்கிறது?"

அவர் தலையில் கை வைத்தார். "அப்ப ஏன் ஐசே ஓம் எண்டு போட்டனீர்?"

நான் சமைத்த உணவகம் மூடியதிலிருந்து வீட்டில் இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன். அன்று கோயிலில் பெரிய கிடாரத்தில் சாம்பார் கொதித்தது. "உப்புச் சரியோ எண்டு பாருங்கோ" என்று நாலு பக்கமும் என்னைக் கூப்பிட்டார்கள். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அந்தக் கேள்வியைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

இதையெல்லாம் சொன்னேன். அண்ணை "தவறுதலாக அழுத்திவிட்டார்" என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அதே கேள்வி வரும். யாருடைய குசினிக்காவது ஆள் தேவையென்றால் அதற்குள் சொல்லுங்கள். இந்தமுறை சம்பளத்தோடு "ஓம்" போட ஆசையாக இருக்கிறது.