எல்பிடியா நூல் கட்டிய கிளாஸ்

எல்பிடியாவுக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. கோழி கேறினால் போதாது, முட்டை இட்டிருக்கிறதா என்று போய்த் தொட்டுப் பார்ப்பாள். சந்தையில் மரவள்ளிக்கிழங்கை ஒடித்துக் காட்டினால்தான் பையில் போடுவாள். மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் சாமியார், "அடுத்த மாசம் சீக்கிரமே வந்துடறேன்" என்றால், முகத்துக்கு நேராகவே "பார்ப்போம் சாமி" என்பாள். இப்படிப்பட்டவள் கையில்தான் மிச்செஸ் கடற்கரை ஜனங்கள் தங்கள் செத்தவர்களை எல்லாம் ஒப்படைத்திருந்தார்கள். சாவு வீட்டில் ஒன்பது நாள் செபமாலையை முன்னின்று சொல்கிறவள் அவள். அது ஒழுங்காக நடந்தால்தான் ஆன்மா வழி தெரிந்து உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் போய், பட வேண்டியதைப் பட்டு, மேலே போகும். நடக்காவிட்டால் வாசலையே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் செபமாலையைத் தொட மாட்டாள். சவப்பெட்டியை ஆணி அடித்து மூடிவிட்டார்கள் என்றால்கூட, "ஆணியைப் பிடுங்கு" என்பாள். ஊரில் யாரும் அதற்குச் சண்டைக்குப் போனதில்லை. லிரியானோ கதை எல்லோருக்கும் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. லிரியானோ தலைநகரத்துக்குக் கொத்தனார் வேலைக்குப் போனவன். லாரி கவிழ்ந்து செத்துப்போனான், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்று ஒரு ஆள் வந்து சொன்னான். எல்பிடியா அப்போது தொழிலுக்குப் புதுசு. நம்பினாள். ஒன்பது நாளும் மனசுருகச் சொன்னாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் எல்லோரும் ஆட்டுக்கறியும் சோறும் தின்றுகொண்டிருந்தபோது ரோட்டில் ஒருத்தன் வந்தான். கக்கத்தில் ரேடியோ. "செத்தது யாரு?" என்று கேட்டான் லிரியானோ.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் அவன் தேறவே இல்லை. சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போனால் பாதியில் திரும்பி வந்தான். எல்பிடியாவைக் காணும்போதெல்லாம், "பாதி ஆளை அனுப்பி வச்சிட்டே. மீதியை எப்ப அனுப்பப்போறே?" என்பான். கிண்டலாகத்தான் சொன்னான். பதினோரு மாதத்தில் நிஜமாகவே போய்விட்டான். காய்ச்சல் என்றார்கள் சிலர். உயிரோடு இருந்தவனைச் செபம் இழுத்துவிட்டது என்றார்கள் பலர். எல்பிடியா எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு விழுந்த பயம் அவளை விடவில்லை. எந்த வீட்டில் ஒன்பதாம் நாள் முடிந்தாலும், கடைசியில் ஒருமுறை ரோட்டைப் பார்ப்பாள், யாரும் வந்துவிடக் கூடாதே என்று.

இப்படி இருக்கும்போதுதான் மே மாதம் யுதெல்கா வந்து நின்றாள். அவள் புருஷன் எலாதியோ, வேலை தேடி, கடலுக்கு அக்கரையில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போகும் கள்ளத்தோணியில் ஏறி நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. தோணி கவிழ்ந்ததும் மூன்று உடம்புகள் கரை ஒதுங்கியதும் ஊருக்கே தெரியும். சிலரைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். எலாதியோ இந்தக் கணக்கிலும் இல்லை, அந்தக் கணக்கிலும் இல்லை.

"எல்பிடியாம்மா, அவருக்கு ஒன்பது நாள் வைக்கணும்."

"உடம்பு கெடைச்சுதா?"

"இல்ல."

"அப்ப எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு எங்கிட்ட வந்தே?"

யுதெல்கா நகரவில்லை. "கனவுல வர்றாரு. முற்றத்துல சீமைப்பலா மரத்தடியில நிக்கிறாரு. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்காரு. ஒரு கால்ல செருப்பு இருக்கு, ஒரு கால்ல இல்ல. தண்ணி குடுன்னு கேக்குறாரு. எடுத்துட்டு வர்றதுக்குள்ள முழிப்பு தட்டிடுது. எம் பொண்ணு ஒரு வாரமா சோறு திங்கல. அந்த மரத்தடியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

கடலில் செத்தவனுக்குத் தாகம் இருக்கத்தான் செய்யும், வயிறு நிறைய உப்புத் தண்ணீர் அல்லவா. ஆனால் எல்பிடியாவின் கண் யுதெல்காவின் விரல்களில் இருந்தது. நகத்தில் சிவப்புச் சாயம். புருஷன் போய் ரெண்டு மாதம் ஆகவில்லை, இவளுக்குச் சாயம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவன் அக்கரையில் எவளோடோ குடித்தனம் நடத்துகிறான், அது இவளுக்கும் தெரிந்துவிட்டது, என் வாயை வைத்தே அவனை முடிக்கப் பார்க்கிறாள் போல.

ஆனாலும் அந்தப் பிள்ளையின் முகம் உறுத்தியது. உண்மையிலேயே அவன் செத்திருந்து, தாகத்தோடு வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால்?

"எட்டு நாளைக்குச் சொல்றேன். பீடத்துல கிளாஸ்ல தண்ணி வைப்போம்ல, அதுல நூல் கட்டி வைப்பேன். தண்ணி நூலுக்குக் கீழே எறங்குச்சுன்னா அவன் குடிச்சான்னு அர்த்தம். ஒன்பதாம் நாள் அனுப்பி வைப்பேன். எறங்கலன்னா பீடத்தைப் பிரிச்சிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். சம்மதமா?"

"சம்மதம்."

பீடம் போட்டார்கள். வெள்ளைத்துணி, மெழுகுவர்த்தி, சிலுவை. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்கள். ஆன்மாவையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக வீடு கூட்டுவதை நிறுத்தினார்கள். எல்பிடியா கிளாஸில் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்துக்குச் சரியாகக் கறுப்பு நூலைக் கட்டினாள். தினமும் மூன்று மணிக்குச் செபமாலை. எலாதியோவின் தாய் சென்சியா ஒரு கால் விளங்காதவள், மூலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மருமகளோடு அவளுக்குப் பேச்சு வார்த்தை நின்று இரண்டு வருஷம் ஆகிறது. கூட்டம் "ஆண்டவரே, அவரை மீட்டருளும்" என்று பதில் சொல்லும்போது அவள் வாய் மட்டும் திறக்காது. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று எல்பிடியா விட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் தண்ணீர் நூலில் நின்றது. மூன்றாம் நாளும் நூலில் நின்றது. துக்கத்துக்கு வந்து வெளியே டாமினோ ஆடுகிறவர்கள் காதில் இது விழாமல் இருக்குமா.

"அங்க பியர் குடிக்கிறவன் இங்க வந்து தண்ணியா குடிப்பான்?" என்றான் ஒருத்தன்.

"வாயை மூடிக்கிட்டு காயை வைடா" என்றான் இன்னொருத்தன்.

ஐந்தாம் நாளும் அப்படியே.  எல்பிடியா யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இத்தனை வருஷத்தில் அவள் வைத்த எந்தக் கிளாஸிலும் தண்ணீர் இறங்காமல் இருந்ததில்லை. ஆன்மா குடிக்கிறதா, மே மாத வெயில் குடிக்கிறதா என்று அவள் ஆராய்ந்ததில்லை. இறங்கும், அவ்வளவுதான். இறங்காத தண்ணீர் என்றால் அதில் ஒரு கை இருக்கிறது, அவன் உயிரோடு இருப்பது தெரிந்த ஒரு கை.

ஆறாம் நாள் யுதெல்காவைச் சமையற்கட்டில் மடக்கினாள்.

"உண்மையைச் சொல்லுடி. அவன் உசிரோட இருக்கான், ஃபோன் பண்ணிட்டான், அப்படித்தானே? யாருக்காகடி இந்தச் சாயம்?"

யுதெல்கா கரண்டியைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள். நகத்தின் அடிப்பாதி வெறுமையாக வளர்ந்திருந்தது. நுனியில் மட்டும்தான் சிவப்பு.

"அவரு போற அன்னைக்கு அவரு கையாலயே போட்டுவிட்டது. நகம் வெட்டக்கூட மனசு வரல. போதுமா? இன்னும் எதையாவது பிரிச்சுப் பாக்கணுமா?"

 எல்பிடியா, மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால், "சோறு தீயுது பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வெட்கமாக இருந்தது. ஆனால் தண்ணீர் மட்டும் இன்னும் நூலில்தான் நின்றது.

ஏழாம் நாள் செபம் முடிந்து எல்லோரும் போன பிறகு தரையைப் பார்த்தாள். ஏழு நாள் கூட்டாத வீடு. கடல் மணல் கால்விரல் புதையும் அளவுக்குக் கிடந்தது. வாசலிலிருந்து நாற்காலிகள் வரை நூறு காலடிகள் குழம்பிக் கிடந்தன. பீடத்துக்குப் பின்பக்கம் ஒரே ஒரு தடம். உள்ளறைக் கதவிலிருந்து வந்து திரும்பிப் போனது. ஒரு பாதம் பதிந்திருந்தது, பக்கத்தில் இன்னொரு கால் இழுபட்ட கோடு.

எட்டாம் நாள் ஒரு மணிக்கே வந்தாள். ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். சென்சியா பீடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பீங்கான் குவளை, இன்னொரு கையில் டீ ஸ்பூன். கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்து, நூல் வரைக்கும் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

சென்சியா திடுக்கிடவில்லை. கடைசி ஸ்பூனையும் விட்டுவிட்டுத்தான் திரும்பினாள். "மொத நாள்லருந்தே. தண்ணி எறங்குனா நீ அனுப்பி வச்சிடுவே. லிரியானோவை அனுப்புன மாதிரி. எம் புள்ளையை உசிரோட அனுப்ப நான் விடுவேனா?"

 இருபத்திரண்டு வருஷமாக எல்பிடியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சென்சியா, மறைக்காமச் சொல்லு. அவன் உன் கனவுல வர்றானா?"

சென்சியா குவளைக்குள் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"வருவான். மரத்தடியில நிப்பான்."

"எப்படி நிப்பான்?"

"நனைஞ்சிருப்பான். ஒரு கால்ல செருப்பு இருக்காது. சின்ன வயசுலயும் அப்படித்தான், ஒத்தைச் செருப்பைத் தொலைச்சிட்டு வருவான்."

 ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு பேசாத இரண்டு பெண்கள். அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பதை மட்டும்தான் எல்பிடியா ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இருவரும் கூடிப் பேசிச் சொல்லியிருக்க முடியாது.

"தண்ணி கேக்குறானா?"

"கேப்பான்."

"நீ குடுத்தியா?"

"குடுக்க மாட்டேன்." சென்சியா குவளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "குடுத்தா குடிச்சிட்டுப் போயிடுவான் எல்பிடியா. தாகம் இருக்குற வரைக்கும் வருவான்ல. மொகத்தைப் பாத்துக்குவேன்."

எல்பிடியா அவளைத் திட்டத்தான் வாயெடுத்தாள். பெத்த பிள்ளையை ஒன்றரை மாதமாக வாசலில் தாகத்தோடு நிறுத்தியிருக்கிறாயே என்று கேட்க வந்தாள். கேட்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் சாவு வீட்டில் அழுததே கிடையாது. சென்சியாவின் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிப் பீடத்தின் மேல் வைத்தாள்.

"ஒங்கிட்டதான் கேக்குறான், எங்கிட்ட கேக்கல" என்றாள். அன்றைக்கு மூன்று மணிச் செபத்தை எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வந்தபோது, தண்ணீர் நூலுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. டாமினோக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரே நாளில் எந்த வெயிலும் இரண்டு விரற்கடை குடிக்காது. பீடத்துத் துணி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க எல்பிடியாவின் கை துறுதுறுத்தது. மூலையில் உட்கார்ந்திருந்த சென்சியாவைப் பார்த்தாள். கையைச் செபமாலைக்குக் கொண்டுபோனாள்.

"ஆண்டவரே, அவரை மீட்டருளும்" என்ற பதில் வந்தபோது சென்சியாவின் குரல்தான் முந்திக்கொண்டு வந்தது.

பீடத்தைப் பிரித்து, கண்ணாடியைத் திருப்பி, வீட்டைக் கூட்டினார்கள். கிளாஸைச் சென்சியாவே எடுத்துக்கொண்டாள். மணலில் காலை இழுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கியவளுக்கு யுதெல்கா தோள் கொடுத்தாள். சென்சியா தட்டிவிடவில்லை. சீமைப்பலா மரத்தடியில், ஒரு ஆள் நிற்கும் இடத்துக்கு எதிரே நின்று தண்ணீரை மெல்லச் சாய்த்தாள்.

"குடிச்சிட்டுப் போடா" என்றாள்.

எல்பிடியா நூலை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ரோட்டைப் பார்த்தாள். லிரியானோ வந்த அதே ரோடு. இருபத்திரண்டு வருஷமாக யாரும் வந்துவிடக் கூடாதே என்று பார்த்த ரோட்டை, அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு ஒருத்தன் வந்துவிட மாட்டானா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ரொட்டிக்காரன் மோட்டார் சைக்கிளில் போனான். அதன் பிறகும் நின்றாள். சோறு ஆறுகிறது என்று யுதெல்கா வந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனாள்.