ஆஸ்தா அத்தையின் காகித நாற்காலி

ஆஸ்தா அத்தை ஒரு வாரம் படுத்துவிட்டால் டென்மார்க் முழுக்க நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், ராஜா உட்பட. அமெரிக்காக்காரன் கப்பல் கப்பலாக வாங்கிப் போகிற நாற்காலிகளுக்கெல்லாம் இருக்கை பின்னியது எங்கள் மேல்வீட்டு அத்தைதான். எல்லாவற்றுக்குமா என்று கேட்காதீர்கள். நான் சொல்வதில் பாதியைக் கழித்தாலும் அவள் பெரிய ஆள்தான்.

போர்க்காலத்தில் கோரை கிடைக்காமல் காகிதத்தை முறுக்கிக் கயிறாக்கினார்கள். போர் முடிந்து எட்டு வருடமாகியும் அந்தக் கயிறு போகவில்லை. வால்பியில் இருக்கிற நாற்காலிப் பட்டறையில் அத்தை நாள் முழுக்க அதை இழுத்துப் பின்னுவாள். கை துறைமுகக் கூலியாளின் கை. சிரிப்பு மட்டும் பள்ளிக்கூடப் பெண்ணின் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட அந்தப் பட்டறை ஜன்னலில்தான் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன், சும்மா வேடிக்கைக்கு.

அத்தைக்கு ஒரே ஆசை. ஞாயிற்றுக்கிழமை காபியைத் தன் வீட்டில், அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். குறுக்கே நின்றது அவள் புருஷன், டிராம் ஓட்டும் தொர்வால்ட் மாமா. வீடு நிறைய அவருடைய அம்மா விட்டுப்போன யானைக்கால் நாற்காலிகள்.

"காகிதத்துல மீன் பொட்டலம் கட்டலாம், ஆஸ்தா. மனுஷன் உக்காருவானா?" என்பார்.

கீறல் விழுந்ததென்று பட்டறையில் கொடுத்த ஒரு வெறும் நாற்காலிச் சட்டம் நிலவறையில் கரி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. உருளைக்கிழங்கு எடுக்கிற சாக்கில் அத்தை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

மாமாவுக்கு ஐம்பது வயதானது. கட்டடமே திரண்டது, எல்லா வீட்டு நாற்காலியும் மேலே ஏறியது. மேசைத் தலைப்பில், அவருடைய அம்மாவின் கம்பளியைப் போர்த்திய நாற்காலியில் மாமா உட்கார்ந்தார். ஊறுகாய் மீன், ஈரல் விழுது, சாராயம், கேக், டிராம் நண்பர்களின் நீண்ட பேச்சுகள் எல்லாம் ஆயின. இடுப்பு வலி என்று அரை மணிக்கொரு தரம் எழுந்து நடக்கிற மனுஷர் அன்று அசையவே இல்லை.

"பாத்தியா ஆஸ்தா, எங்கம்மா நாற்காலி எங்கம்மா நாற்காலிதான்" என்று தொடையைத் தட்டினார். கம்பளி சரிந்து விழுந்தது.

அடியில் காகிதக் கயிறு. முதலில் சிரித்தது அத்தைதான்; பிறகு கட்டடமே சிரித்தது. மாமா எழுந்து, இருக்கையைக் குத்திப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்து பார்த்தார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா இது எனக்கு."

"ஞாயித்துக்கிழமை காபிக்கு மட்டும் எனக்கு" என்றாள் அத்தை.

தான் பின்னவில்லை என்றாள் அத்தை. அப்படியானால் நிலவறைச் சட்டத்தை யார் பின்னியது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வீட்டுக் குட்டிச்சாத்தானாக இருக்கும், அதுதான் வெண்ணெய் போட்ட கஞ்சிக்காக இப்படியெல்லாம் வேலை செய்யும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போனபோது அத்தை நாற்காலியை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"என் முடிச்சு இடப்பக்கம் திரும்பும், யோர்ன். இது பூட்ஸ் கட்டுற முடிச்சு."

என் முன்னால் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தாள். நடுவில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது.

"ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு, குட்டிச்சாத்தானே. அப்புறம் கயிறு அறுத்த அந்த விரலெல்லாம் காட்டு, மருந்து போடணும்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கஞ்சி எப்படிக் குடிப்பது?